மடிப்பாக்கம் போர் தண்ணீர், புதுத் தொட்டி: ஐந்து நாளில் மூன்று மீன்கள் போய்விட்டன

மடிப்பாக்கத்தான் | சனி, இரவு 9.50

வணக்கம். மகளின் பத்தாவது பிறந்தநாளுக்காகச் சென்ற திங்கட்கிழமை ஒரு மீன் தொட்டி வாங்கினேன். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மணல், பிளாஸ்டிக் செடி, மேலே உட்காரும் ஃபில்டர் எல்லாவற்றையும் கடையிலேயே சேர்த்துக் கொடுத்தார்கள். அன்று மாலையே நான்கு கோல்டு ஃபிஷ், இரண்டு ஏஞ்சல், கண்ணாடியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லி ஒரு சக்கர் மீன், ஆக ஏழையும் விட்டுவிட்டோம். தண்ணீர் எங்கள் வீட்டுப் போர் தண்ணீர்.

புதன்கிழமை தண்ணீர் நீர்மோர் போல வெளுத்தது. வெள்ளி காலை ஒரு கோல்டு ஃபிஷ் மிதந்தது. இன்று மதியத்துக்குள் இன்னொரு கோல்டு ஃபிஷ்ஷும் ஓர் ஏஞ்சலும் போய்விட்டன. மீதி நான்கில் மூன்று, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. கடையில் கேட்டால், நீல மருந்து ஒன்றும் மஞ்சள் மருந்து ஒன்றும் கொடுத்து, தொட்டியை முழுவதும் கழுவிப் புதுத் தண்ணீர் நிரப்பச் சொல்கிறார்கள். மகள் மூன்றையும் துளசிச் செடி அடியில் புதைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். யாராவது உடனே வழி சொல்லுங்கள்.

வாதுமைநிழல் | சனி, இரவு 10.15

தம்பி, இரண்டு மருந்தையும் திறக்காதீர்கள். தொட்டியைக் கழுவவும் வேண்டாம். இப்போதே பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, அதே போர் தண்ணீரை வாளியில் பிடித்து, கையால் அளைந்து காற்றுப் படவிட்டு, கால் மணி நேரம் கழித்து மெதுவாக ஊற்றுங்கள். மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் இந்த நேரத்திலும் சூடாக இருக்கும். கையை விட்டுப் பார்த்து, இரண்டும் ஒரே சூடாக இருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஆக்சிஜன் மோட்டார் இருந்தால் இரவெல்லாம் ஓடட்டும். நாளையும் மறுநாளும் தீனி வேண்டாம். பெரிய மீன்கள் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது.

குழந்தையை எழுப்பி இரண்டு வாய் சாதம் கொடுங்கள். அவள் செய்த தவறு எதுவும் இல்லை என்று சொல்லுங்கள். காரணத்தை நாளை காலை விரிவாக எழுதுகிறேன்.

வாதுமைநிழல் | ஞாயிறு, காலை 6.30

பெரம்பூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மீன் வளர்க்கிறேன். என் முதல் தொட்டியிலும் இதேதான் நடந்தது. அன்று எனக்குச் சொல்ல யாரும் இல்லை.

மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அமோனியாவை வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகி இன்னும் கொஞ்சம் அமோனியாவைச் சேர்க்கின்றன. அது செவுளைப் புண்ணாக்கும். மேலே வந்து வாய் திறப்பது பெரும்பாலும் அதனால்தான். ஓடிப் பழகிய தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் விஷம்தான். அதை இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றிவிடும். நைட்ரேட் அளவோடு இருந்தால் மீன் தாங்கும். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிட ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும்தான் ஒட்டி வாழ்கின்றன. வெறும் தொட்டியில் அவை போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். உங்கள் தொட்டிக்கு வயது ஐந்து நாள், மீனோ ஏழு.

தண்ணீர் வெளுத்தது நோயல்ல. மிஞ்சிய தீனியைத் தின்னும் வேறு பாக்டீரியாக்கள் ஒரேயடியாகப் பெருகியதால் வந்த வெளுப்பு அது, தானாகத் தெளியும். எல்லாவற்றையும் கழுவிக் கொட்டினால் ஐந்து நாளில் ஒட்டிய கொஞ்ச பாக்டீரியாவும் போய், மறுபடி முதல் நாளில் நிற்பீர்கள். பஞ்சு அடைத்துக்கொண்டால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு முறை பிழிந்து, உடனே திரும்ப வையுங்கள். குழாயடியில் வைத்துப் பளிச்சென்று கழுவாதீர்கள்.

வேதியியல் ஆசிரியை | ஞாயிறு, காலை 8.10

அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம் ஊருக்கு இது மிகவும் முக்கியம். அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும்: ஒன்று அம்மோனியம், அதிகக் கேடில்லாதது, மற்றது கரைந்த அமோனியா, அதுதான் விஷம். எது எவ்வளவு என்பதைத் தண்ணீரின் பி.எச். அளவும் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்; ஏற ஏறக் காரம்) சூடும் தீர்மானிக்கின்றன. 30 டிகிரி சூட்டில் பி.எச். 7 என்றால், நூறு பங்கில் ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது. அதே சூட்டில் பி.எச். 8 ஆனால் ஏழு பங்குக்கு மேல் விஷமாகிவிடும். அதே மீன், அதே கழிவு, ஒன்பது மடங்கு நஞ்சு.

நம் போர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர்; பி.எச். 8-ஐ ஒட்டி நிற்கும். வெந்நீர் வைத்த பாத்திரத்தில் வெள்ளைப் படிவு தட்டுகிறதா என்று பாருங்கள். தட்டினால் உங்கள் வீட்டுத் தண்ணீர் அந்த வகைதான். எனவே மருந்துக்குச் செலவிடும் பணத்தில் ஓர் அமோனியா சோதனைப் பெட்டி வாங்குங்கள். சிறிய குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துத் துளி விட்டால் நிறம் மாறும். மஞ்சள் என்றால் நிம்மதி. பச்சை ஏற ஏற ஆபத்து. காகிதப் பட்டையைவிடத் துளிச் சோதனை நம்பகமானது.

மடிப்பாக்கத்தான் | ஞாயிறு, மதியம் 1.40

மிக்க நன்றி அக்கா, நன்றி டீச்சர். இரவே பாதித் தண்ணீர் மாற்றினேன். காலையில் மூன்று மீன்கள் கீழே இறங்கி நீந்தின. ஒரு கோல்டு ஃபிஷ் இன்னும் மூலையில் சாய்ந்து கிடக்கிறது. சோதனைப் பெட்டி வாங்கிவந்தேன். நிறம் நல்ல பச்சை. வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவா? எங்கள் வீட்டுக் குழாய் முனையிலேயே சுண்ணாம்பு கட்டி நிற்கிறது.

ஒரு கேள்வி. கேன் தண்ணீர் வாங்கி நிரப்பினால் என்ன?

கொளத்தூர்த் தொட்டி | ஞாயிறு, இரவு 8.30

கேன் தண்ணீரை மட்டும் நிரப்பாதீர்கள் தம்பி. அதில் தாது உப்பு மிகக் குறைவு; பி.எச். நிலையாக நிற்காது. இன்று கேன், நாளை போர் என்று மாற்றி மாற்றி ஊற்றுவது மீனுக்கு இன்னும் பெரிய துன்பம். இருக்கிற தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குவதுதான் ஆண்டு முழுக்க ஓடும் வழி.

நான் கொளத்தூரில் வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தொட்டிகளில் மோலியும் கப்பியும் பெருக்குகிறேன். என் போர் தண்ணீரும் உங்களுடையதைப் போலத்தான். மோலிக்கு உப்பும் சுண்ணாம்பும் உள்ள தண்ணீர் தாய்வீடு. கப்பி, பிளாட்டி, வாள்வால் மூன்றும் அந்தக் குடும்பம்தான். அவையும் கடினத் தண்ணீரில் செழிக்கும். திருவான்மியூர்ப் பக்கம் கொஞ்சம் கரிக்கும் தண்ணீரில்கூட மோலி குட்டி போடுவதைப் பார்த்திருக்கிறேன். மாறாக, நியான் டெட்ராவும் டிஸ்கஸும் அமேசான் பக்கத்து மென்மையான தண்ணீரில் பிறந்தவை. நியானுக்கு நம் ஊர்ச் சூடும் ஒவ்வாது. கண்ணாடித் தொட்டியில் கூட்டமாக மின்னும்போது யாருக்கும் ஆசை வரும்; ஆனால் மடிப்பாக்கம் போர் தண்ணீரில் அதை விடுவது பாவம்.

கோல்டு ஃபிஷ் விஷயத்தில் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. அது குளிர்ந்த தண்ணீர் மீன். அரையடிக்கு மேல் வளரும். நிறையத் தின்று நிறையக் கழிக்கும். உங்கள் தொட்டி கொள்வது சுமார் 56 லிட்டர். மணலும் மேல் இடைவெளியும் போக 45 லிட்டர் இருந்தால் அதிகம். அதில் நான்கு கோல்டு ஃபிஷ்ஷை விட்டு, வெப்பமான தண்ணீரை விரும்பும் ஏஞ்சலையும் சேர்த்துக் கொடுப்பது விற்பவர் செய்யக்கூடாத வேலை.

அடையாற்றங்கரை | திங்கள், காலை 7.20

கொளத்தூர் நண்பர் மன்னிக்க வேண்டும். சென்னைச் சூட்டில் கோல்டு ஃபிஷ் வாழாது என்பதை நான் ஏற்கமாட்டேன். எங்கள் வீட்டில் மூன்று கோல்டு ஃபிஷ் ஏழு ஆண்டுகளாக இருக்கின்றன. ஹீட்டரும் இல்லை, கூலரும் இல்லை. குழந்தைகளுக்குப் பிடித்த மீனை வேண்டாம் என்று பயமுறுத்த வேண்டாமே.

வாதுமைநிழல் | திங்கள், காலை 9.00

ஐயா, எந்த அளவுத் தொட்டி, எங்கே வைத்திருக்கிறீர்கள்?

அடையாற்றங்கரை | திங்கள், காலை 9.25

தரைத்தளத்தில், வேப்பமர நிழலில், பழைய சிமென்ட் தொட்டி அம்மா. அறுநூறு லிட்டர் பிடிக்கும். அல்லி வைத்திருக்கிறேன்.

வேதியியல் ஆசிரியை | திங்கள், மாலை 5.45

அப்படியானால் நீங்கள் இருவரும் சொல்வது ஒன்றுதான் ஐயா. 20 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைந்துவிடும். சூடு ஏறினால் மீனுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். தண்ணீரோ குறைவாகத்தான் தரும். உங்கள் அறுநூறு லிட்டர், மரநிழல், அகலமான மேற்பரப்பு எல்லாம் சேர்ந்து அந்தக் குறையை ஈடுகட்டுகின்றன. மூன்றாம் மாடி வரவேற்பறையில் 45 லிட்டர் கண்ணாடித் தொட்டி, கத்திரி வெயிலில் மதியம் 33 டிகிரிக்குப் போகும். அங்கே ஈடுகட்ட எதுவும் இல்லை.

அடையாற்றங்கரை | திங்கள், இரவு 7.10

சரி அம்மா, கணக்கு புரிகிறது. கண்ணாடித் தொட்டிக்கு நான் வாதாடவில்லை.

இந்த ஊருக்கும் மீன் தொட்டிக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1909-இல் மெரினாவில் மீன் காட்சியகம் திறந்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி அது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடிவிட்டார்கள். என் தாத்தா சிறுவனாக இருந்தபோது அங்கே கடல்பாம்பைப் பார்த்த கதையைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு குழந்தை மீனைப் பார்த்துக்கொண்டே நிற்பது எனக்கு அந்தத் தாத்தாவை நினைவூட்டுகிறது. அந்த ஆசையில்தான் பரிந்து பேசிவிட்டேன்.

மடிப்பாக்கத்தான் | வியாழன், இரவு 9.15

சாய்ந்து கிடந்த கோல்டு ஃபிஷ் செவ்வாய் அன்று போய்விட்டது. மிச்சம் ஒரு கோல்டு ஃபிஷ், ஓர் ஏஞ்சல், சக்கர். தினமும் கால் பங்குத் தண்ணீர் மாற்றுகிறேன். நிறம் இளம்பச்சைக்கு இறங்கிவிட்டது. கோல்டு ஃபிஷ்ஷை அடையாறு ஐயா தம் தொட்டிக்கு எடுத்துக்கொள்வதாகத் தனிச் செய்தியில் சொன்னார். மகள் சம்மதித்தாள், வருகிற ஞாயிறு நேரில் கொண்டுபோய் விடப்போகிறோம்.

சக்கர் மீன் என்னை உறுத்துகிறது. வேகமாக வளரும் என்கிறார்கள். எங்கள் பக்கத்திலேயே ஏரி இருக்கிறது. அங்கே விட்டுவிடலாமா?

கொளத்தூர்த் தொட்டி | வியாழன், இரவு 9.22

தயவுசெய்து விடாதீர்கள். ஏரியிலும் வேண்டாம், கோயில் குளத்திலும் வேண்டாம், கால்வாயிலும் வேண்டாம்.

அது தென்னமெரிக்க மீன். ஒன்றரை அடி வரை வளரும். உடம்பெல்லாம் எலும்புத் தகடு, துடுப்பில் முள். கரையில் வளை தோண்டி முட்டையிடும், கரை சரியும். நம் கெண்டையும் விராலும் அதை எதிர்கொள்ள முடியாது. வலையில் சிக்கினால் வலையையும் கிழித்துவிடும். சந்தையில் வாங்க ஆள் இல்லை. மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு அது முழு நட்டம். தமிழ்நாட்டு நீர்நிலைகளில் இன்று அது பரவிக் கிடப்பதற்குத் தொட்டியில் இடம் போதாமல் இரக்கப்பட்டுக் கொண்டுபோய் விட்டவர்களும் ஒரு காரணம். கோல்டு ஃபிஷ்ஷைக் கொடுக்க வரும் ஞாயிற்றுக்கிழமையே அதையும் எடுத்துக்கொண்டு கொளத்தூருக்கு வாருங்கள். என்னிடம் பெரிய தொட்டியில் நான்கு இருக்கின்றன, ஐந்தாவதாக இருக்கட்டும்.

வேளச்சேரி மூன்றாம் மாடி | வெள்ளி, காலை 6.50

இழையை முழுவதும் படித்தேன். மழைக்காலம் வருவதால் மின்வெட்டைப் பற்றியும் பேசிவிடலாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் மின்சாரம் இல்லை. என் மூன்றடித் தொட்டியில் பார்ப் மீன்களும் கௌராமிகளும். முதல் நாள் மாலையே பார்ப் எல்லாம் மேலே வந்துவிட்டன. மாமியாரும் நானும் முறை வைத்துக்கொண்டு, சொம்பில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினோம். அரை மணிக்கு ஒருமுறை, ஐம்பது சொம்பு. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், தண்ணீர் விழும் இடத்தில் குமிழி எழும்பியதும் மீன்கள் அங்கே வந்து கூடும். அந்தச் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. இரண்டு பார்ப் போயின, மற்றவை பிழைத்தன. கௌராமிக்கு ஒன்றும் ஆகவில்லை. அது காற்றையே நேராக விழுங்கி மூச்சுவிடும் மீன். ஃபைட்டரும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் மின்சாரம் வந்ததும் ஃபில்டர் தானாக ஓடத் தொடங்கியது. உள்ளே தேங்கிக் கிடந்த தண்ணீரிலிருந்து அழுகிய முட்டை நாற்றம். நல்லவேளையாக உடனே நிறுத்திவிட்டேன். ஓடாத ஃபில்டருக்குள் பாக்டீரியா மூச்சின்றிச் செத்து அழுகிவிடும். அந்தத் தண்ணீர் தொட்டிக்குள் பாய்ந்தால் புயலில் பிழைத்ததும் பிழைக்காது. மின்சாரம் போனதும் ஃபில்டர் சுவிட்சை அணைத்துவிட்டு, பஞ்சை எடுத்துத் தொட்டித் தண்ணீரிலேயே மிதக்க விடுங்கள். பேட்டரியில் ஓடும் சிறிய ஆக்சிஜன் மோட்டார் ஒன்றை ஐப்பசிக்கு முன்பே வாங்கி வையுங்கள்.

மடிப்பாக்கத்தான் | நான்கு வாரம் கழித்து, செவ்வாய், இரவு 10.40

அவசரம். ஏஞ்சலைக் கடையிலேயே திரும்பக் கொடுத்தேன். மூன்று வாரத்துக்கு மேலாக அமோனியா மஞ்சள் நிறத்திலேயே நின்றது. பத்து நாள் முன்பு கொளத்தூர் அண்ணனிடம் ஐந்து கருப்பு மோலி வாங்கி விட்டேன், நன்றாக இருந்தன. இன்று இரவு எட்டரைக்கு மேல் எல்லாம் பைத்தியம் பிடித்தாற்போலச் சுழல்கின்றன. ஒன்று கண்ணாடியில் மோதுகிறது. சோதித்தேன், நிறம் மஞ்சள்தான். தீனியும் மாற்றவில்லை.

வேதியியல் ஆசிரியை | செவ்வாய், இரவு 10.44

கொசுவிரட்டி ஏதாவது அந்த அறையில் இருக்கிறதா? மாலையில் மாநகராட்சிப் புகை வண்டி வந்ததா?

மடிப்பாக்கத்தான் | செவ்வாய், இரவு 10.47

புகை வண்டி வரவில்லை. ஆனால் இன்றுதான் சுவரில் செருகும் திரவக் கொசுவிரட்டி போட்டோம். ஆக்சிஜன் மோட்டார் அதற்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது.

வேதியியல் ஆசிரியை | செவ்வாய், இரவு 10.52

உடனே கழற்றுங்கள். ஜன்னலைத் திறந்துவிட்டுப் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ஆக்சிஜன் மோட்டாரை வேறு அறையில் வைத்து, குழாயை நீட்டித் தொட்டிக்குக் கொண்டுவாருங்கள். கரித்தூள் பை இருந்தால் ஃபில்டரில் போடுங்கள்.

கொசுவர்த்திச் சுருளிலும் திரவத்திலும் இருப்பது பைரெத்ராய்டு வகை மருந்து. மனிதர்களுக்கு அதன் நஞ்சு குறைவு. மீனுக்கோ மிகச் சிறிய அளவே கடும் விஷம். மோட்டார் அறைக் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் ஊதுகிறது. தொட்டி உள்ள அறையில் கொசுவலைதான் சரி. தெருவில் புகை அடித்தால் மோட்டாரைக் கால் மணி நேரம் நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடுங்கள். மெட்ரோ தண்ணீரின் குளோரினைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறோம். இதை யாரும் சொல்வதில்லை. நானும் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

மடிப்பாக்கத்தான் | புதன், காலை 6.05

நான்கு பிழைத்துவிட்டன. ஒன்று போய்விட்டது. நீங்கள் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க முடியவில்லை டீச்சர். மகள் இந்த முறை அழவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு என்னோடு இரவு ஒரு மணிவரை நின்றாள்.

அயனாவரம் புதியவர் | புதன், காலை 10.30

எங்களுக்கு மெட்ரோ தண்ணீர். அதற்கு என்ன செய்ய வேண்டும்? வாதுமை இலை போடச் சொல்கிறார்களே, அது உண்மையா?

வாதுமைநிழல் | புதன், மதியம் 12.15

மெட்ரோ தண்ணீரை அகலமான டப்பில் பிடித்து, ஆக்சிஜன் மோட்டாரை ஓடவிட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் போய்விடும். அவசரத்துக்குக் கடையில் விற்கும் குளோரின் நீக்கித் துளியைச் சொன்ன அளவு போடலாம்.

நாட்டு வாதுமை இலை போடலாம், நல்லது. அதிலிருந்து இறங்கும் துவர்ப்புச் சாறு தண்ணீரைத் தேநீர் நிறமாக்கும். ஃபைட்டருக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் தெருவில் மாசியில் இலை சிவந்து உதிரும்போது பழுத்து விழுந்ததை மட்டும் பொறுக்கி, கழுவி, மொட்டைமாடியில் மொறுமொறுப்பாகக் காயவைத்து டப்பாவில் போட்டு வைப்பேன். பச்சை இலையைப் பறிக்காதீர்கள். லாரி ஓடும் பெரிய சாலையோர மரத்து இலையும் வேண்டாம். 45 லிட்டருக்கு ஓர் இலை போதும்.

மடிப்பாக்கத்தான் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, காலை 7.15

ஃபில்டர் பஞ்சைப் பிழிய எடுத்தபோது மகள் கத்தினாள். பஞ்சின் அடியில் கடுகளவுக் கருப்புப் புள்ளிகள். கண்ணும் வாலும் தெரிகின்றன. மோலிக் குஞ்சுகள்! ஒவ்வொன்றாகக் கரண்டியில் எடுத்துச் சின்னக் கிண்ணத்தில் விட்டோம். மகள் மூன்று முறை எண்ணிப் பதினான்கு என்கிறாள். இனி என்ன செய்ய வேண்டும்? தாய் மீனே தின்றுவிடும் என்கிறார்களே!

கொளத்தூர்த் தொட்டி | ஞாயிறு, காலை 7.40

தின்றுவிடும் தம்பி, ஒளிய இடம் இல்லாவிட்டால். பத்து லிட்டர் டப் ஒன்றில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, பழைய பஞ்சில் ஒரு துண்டு வெட்டிப் போட்டு, குஞ்சுகளை அதில் விடுங்கள். வேலம்பாசியோ ஏதாவது நீர்ச்செடியோ ஒரு பிடி மிதக்கட்டும். மெல்லிய குமிழி வந்தால் போதும். வேகமாக ஊதினால் குஞ்சு களைத்துவிடும்.

தீனிக்கு வேகவைத்த முட்டையின் மஞ்சள் கருவை மெல்லிய துணியில் கட்டித் தண்ணீரில் ஒருமுறை பிழிந்து, அந்தக் கலங்கலில் இரண்டே சொட்டு. ஒரு நாளில் நான்கு முறை. மிஞ்சினால் அழுகும், ஆகவே தினமும் அடியில் தேங்குவதைச் சின்னக் குழாயால் உறிஞ்சி எடுங்கள். ஒரு வாரம் கழித்து, பெரிய மீன் தீனியை விரலால் மாவாகத் தேய்த்துக் கொடுக்கலாம். தாய் மீனின் வாய்க்குள் போகாத அளவு வளர ஒன்றரை மாதம் ஆகும்.

கடல்தாண்டி ஊர்தாண்டி வந்த மீன் மடிப்பாக்கம் போர் தண்ணீரில் குட்டி போட்டிருக்கிறது. பாப்பாவிடம் சொல்லுங்கள்: கிண்ணத்தில் எண்ணியது போதாது, பஞ்சை இன்னொரு முறை கவனமாகப் பார்க்கட்டும். முதல் ஈற்றில் பதினான்குக்கு மேலும் இருக்கலாம்.

மடிப்பாக்கத்தான் | ஞாயிறு, காலை 8.02

பதினேழு.